கூஃபுவின் பெட்டியும் எங்க வீட்டு கிரானைட்டும்

சமையல் மேடை கிரானைட்டில் சிங்க் உட்கார இடம் வெட்டணும். மேஸ்திரி வர ரெண்டு நாளாகும்னு தகவல். நமக்குத்தான் எல்லாம் தெரியுமே, கட்டர் மெஷினை வாடகைக்கு எடுத்துட்டு வந்து நானே இறங்கிட்டேன்.

முதல் அரை அடி ஜோரா போச்சு. அப்புறம் பிளேடு கல்லு மேல வழுக்குது, புகையுது, வெட்ட மாட்டேங்குது. அழுத்திப் பிடிச்சேன். கோடு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பிளேடு கொடுத்த கடைக்காரரைத் திட்டாத திட்டில்லை.

மறுநாள் வந்த மேஸ்திரி ஒயரைப் பிடுங்கிட்டு பிளேடு ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "வைரம் உள்ளதான் சார் இருக்கு, வெளிய வரலை" என்றார். வாசலில் கிடந்த சிமெண்ட் கல்லில் நாலு கோடு இழுத்தார். திரும்ப கிரானைட்டில் வைத்தால் சர்ருன்னு இறங்குது!

விஷயம் இதுதான். பிளேடின் ஓரத்தில் உலோகப் பொடிக்குள் வைரத் துணுக்குகளைப் புதைத்து வைத்திருப்பார்கள். மேலே இருக்கிற வைரம் மழுங்கினால், அதைப் பிடித்திருக்கும் உலோகமும் தேய்ந்து, அடுத்த வைரம் தலைகாட்ட வேண்டும். கிரானைட் கடினம், ஆனால் உலோகத்தை அவ்வளவாக அரிக்காது. அதனால் அதுக்கு இளகின உலோகம் வேணும். சொரசொரப்பான மணற்கல்லுக்கு நேர் எதிர், கெட்டி உலோகம். மாத்திப் போட்டா ஒண்ணு என் கதை, இல்லேன்னா பிளேடு கண்ணெதிரே கரைஞ்சு போகும். நான் வாங்கும்போது எந்தக் கல்லுன்னே கடையில் சொல்லலை. தப்பு என் மேல.

இந்தத் தலைவலி எவ்வளவு பழசுன்னு தேடினா, ரோமானியர் பிளினி வந்து நிற்கிறார். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். பளிங்கை அறுப்பது மணல்தான், இரும்பு அறுப்பது போலத் தெரிவது வெறும் தோற்றம் என்று எழுதியிருக்கிறார். எத்தியோப்பிய மணல்தான் உசத்தியாம், அடுத்தது நம்ம இந்திய மணல், ஆனா கொஞ்சம் மென்மை. பரும்மணல் போட்டால் வெட்டு அகலமாகி கல் வீணாகும், மெருகு போடுற வேலையும் கூடும். அவருக்கு இருந்த ஆத்திரமே வேற: தொழிலாளிகள் ஏதோ ஒரு ஆத்து மணலைப் போட்டு ஏமாத்துறாங்களாம். அப்பவேவா!

இன்றைய துருக்கியில் உள்ள ஹியராபொலிஸில் 3-ஆம் நூற்றாண்டுக் கல் பெட்டி ஒன்றில், தண்ணீர்ச் சக்கரம் ரெண்டு ரம்பங்களை ஓட்டுகிற காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். செயற்கை வைரம் வந்தது ரொம்ப பின்னாடி, 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எகிப்துதான். பெரிய பிரமிடுக்குள் இருக்கும் கூஃபுவின் கிரானைட் பெட்டியை ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அளந்து 1883-ல் புத்தகம் போட்டார். பெட்டியின் வடக்கு முனையில் ரம்பம் தேவைக்கு மேல ஆழமா போயிருக்கு. வெளியே எடுத்து மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க. அதுவும் ஆழமா போயிடுச்சு. ரெண்டு அங்குலம் கீழே மறுபடி வெளியே எடுத்திருக்காங்க. மொத்தத்தில் பத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல பிழை. ராஜாவோட பெட்டிங்க! அந்த மேஸ்திரி வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்?

வெண்கல ரம்பத்தில் ரத்தினப் பற்கள் பதித்திருப்பார்கள் என்பது பெட்ரியின் ஊகம். இல்லை, செம்பு ரம்பமும் உதிரி மணலும்தான் என்றார் ஆல்ஃபிரட் லூகாஸ். டெனிஸ் ஸ்டாக்ஸ் செம்பும் மணலும் வைத்து கிரானைட்டை அறுத்தே காட்டினார். எகிப்து விஷயத்தில் பெட்ரி சறுக்கினாலும் அவர் கற்பனை பண்ணின ரம்பம்தான் இன்னிக்கு என் கையில சுத்துது, பாருங்க வேடிக்கையை.

மேஸ்திரி வாயில் துண்டு கூட கட்டாமல் வெட்டிக்கிட்டு இருந்தார், வீடெல்லாம் வெள்ளைப் பொடி. அந்த சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ், குணப்படுத்த மருந்து கிடையாது. முகமூடி வாங்கிக் கொடுத்தேன். "பழகிடுச்சு சார்"னு சட்டைப் பையில் வச்சுக்கிட்டார். நான் விடலை. மாட்டினப்புறம்தான் மெஷின் ஒயரைச் சொருகினேன்.

என் கோணல் கோட்டை அளந்து பார்த்தேன். 4 மில்லிமீட்டர். கூஃபு ஆளுங்களை விட மோசம் :-) வெள்ளை சிமெண்ட் பூசி மறைச்சாச்சு, தங்கமணி இன்னும் கவனிக்கலை.