அப்பா போட்ட பூட்டு

கம்மாபுரத்திலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். நெய்வேலி சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர் அது. குரலே சரியில்லை.

‘‘அப்பா போன மாசம் தவறிட்டார் சார். நெலத்தோட சர்வே நம்பர், பட்டா, பங்காளிங்களோட செஞ்ச பாகப்பிரிவினைக் கணக்கு... எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்லதான் வெச்சிருந்தார். பாஸ்வேர்டை மட்டும் யார்கிட்டயும் சொல்லலை. அம்மா பேரு, என் பேரு, எங்க வீட்டுப் பசு பேரு வரைக்கும் போட்டுப் பார்த்துட்டேன்... தெறக்க மாட்டேங்குது!’’

வீட்டுப் பூட்டு என்றால் கம்பியை விட்டு நெம்பலாம். இந்தப் பூட்டு எப்படிப்பட்டது? அதற்கு நாம் அறுபது வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டும். வருகிறீர்களா?

1961. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஒரே ஒரு ராட்சதக் கம்ப்யூட்டர். அதைப் பல பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்த ஒரு வழி கண்டுபிடித்தார் பெர்னாண்டோ கோர்பட்டோ என்ற விஞ்ஞானி. கூட்டுக் குடும்பம் மாதிரி! கூட்டுக் குடும்பம் என்றால் அவரவர் பெட்டிக்கு அவரவர் பூட்டு வேண்டாமா? அப்படித்தான் கம்ப்யூட்டருக்குள் பாஸ்வேர்டு நுழைந்தது.

ஆனால், ஒரு கூத்து பாருங்கள். எல்லாருடைய பாஸ்வேர்டையும் எழுதி, அதே கம்ப்யூட்டரில் ஒரே கோப்பில் அப்படியே வைத்திருந்தார்கள். சாவிக்கொத்தை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போன கதை!

மறு வருஷமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர் கை வைத்துவிட்டார். அவருக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் நேரம் வாரத்துக்கு நாலே மணி. போதவில்லை. ‘இந்தக் கோப்பை அச்சடித்துக் கொடு’ என்று ஓர் அட்டையில் துளை போட்டுச் செருகினார், அவ்வளவுதான். மொத்தப் பாஸ்வேர்டும் காகிதத்தில் வந்து விழுந்தது. கால் நூற்றாண்டு கழித்துத்தான் மனிதர் உண்மையை ஒப்புக்கொண்டார்! 1966-ல் இன்னும் மோசம். ஏதோ ஒரு குளறுபடியில், கம்ப்யூட்டரைத் திறந்த ஒவ்வொருவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக அத்தனை பேரின் பாஸ்வேர்டும் அச்சாகி வந்தது.

பட்டால்தானே புத்தி வரும்? பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல், அரைத்து வைக்கும் முறை வந்தது. அரிசியை மாவாக்கிவிட்டால், மாவிலிருந்து திரும்ப அரிசியை எடுக்க முடியுமா? முடியாது. நீங்கள் பாஸ்வேர்டைத் தட்டியதும் கம்ப்யூட்டர் அதை அரைத்து, இருக்கிற மாவோடு ஒத்துப் பார்க்கும். ஒன்றுபோல இருந்தால் கதவு திறக்கும். இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டை வைத்தாலும் மாவு வேறு வேறாக வர வேண்டும் என்பதற்காக, அரைக்கும்போதே கொஞ்சம் எதையாவது கலந்துவிடுவார்கள். அந்தக் கலவைக்கு ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் 1979-ல் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர் என்ன தெரியுமா? உப்பு!

நண்பருக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். அப்பாவின் பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டருக்கே தெரியாது. மாவு மட்டும்தான் அதனிடம் இருக்கிறது.

அந்த கென் தாம்ஸனின் சொந்தப் பாஸ்வேர்டே சந்தி சிரித்தது தனிக் கதை. அவருடைய பழைய ‘மாவு’ 2014-ல் ஒரு பழங்கோப்பில் கிடைத்தது. எட்டே எழுத்து. கோடிக்கணக்கான எழுத்துக் கோவைகளை ஒவ்வொன்றாக அரைத்து அரைத்து ஒப்பிட்டு, 2019-ல் ஒருவர் கண்டுபிடித்தார். நவீன இயந்திரத்துக்கே நாலு நாளைக்கு மேல் பிடித்தது. விடை? சதுரங்கத்தில் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் குறிப்பு. தாம்ஸன் சதுரங்கப் பைத்தியம். சதுரங்கம் ஆட ஒரு கம்ப்யூட்டரையே கட்டியவர்!

ஆக, ஆளைத் தெரிந்தால் பாதிப் பூட்டு திறந்த மாதிரி. நார்வேயில் இவார் ஓசென் என்று ஒரு விவசாயி மகன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்து கிராமத்துப் பேச்சைச் சேகரித்து, அதிலிருந்து ஒரு எழுத்து மொழியையே உருவாக்கியவர். (நம் உ.வே.சா. சுவடி தேடி அலைந்தது ஞாபகம் வருகிறதா?) அவர் பெயரில் உள்ள மையத்துக்கு, ரெய்டர் யூபெடால் என்ற பேராசிரியர் சேர்த்த 11,000 நூல்களின் பட்டியல் வந்தது. கம்ப்யூட்டரில், பூட்டுப் போட்டு! பாஸ்வேர்டு தெரிந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். 2002-ல் மையத்தின் இயக்குநர், ‘யாராவது திறந்து கொடுங்களேன்’ என்று வானொலி மூலம் உலகத்துக்கே வேண்டுகோள் விட்டார். சீக்கிரமே விடை வந்தது. பேராசிரியரின் குடும்பப் பெயர்... பின்னாலிருந்து முன்னால்!

நண்பரும் அப்பா பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ம்ஹூம்.

அப்புறம்தான் அடுத்த வழி. வின்டோஸ் வாசலில் கேட்கும் பாஸ்வேர்டு வாசற்கதவுக்கு மட்டும்தான். உள்ளே ஹார்ட் டிஸ்க்கையும் ரகசிய எழுத்தாக்கிப் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அது இல்லாவிட்டால் அநேகமாகக் கையை விரிக்க வேண்டியதுதான். பூட்டாவிட்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலே போதும். ‘எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா வின்டோஸ் போட்டுத் தரேன்’ என்று யாராவது சொன்னால் மட்டும் தலையாட்டிவிடாதீர்கள்... பூட்டு திறக்கவில்லை என்று வீட்டை இடிக்கிற வேலை அது!

விருத்தாசலத்தில் ஒரு பையன் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினான். அப்பா வாசலை மட்டும்தான் பூட்டியிருந்தார். பட்டா, பாகப்பிரிவினைப் பத்திரம், ஹெல்மெட்டோடு அவர் சிரித்தபடி நிற்கும் ஒரு பழைய போட்டோ... அத்தனையும் பத்திரமாக இருந்தன.

‘‘அப்புறம் என்ன? வேலை முடிஞ்சுதே!’’ என்றேன்.

‘‘முடிஞ்சுது சார்...’’ என்று இழுத்தார் நண்பர். ‘‘ஆனா, அந்தப் பாஸ்வேர்டு என்னன்னு தெரிஞ்சா தேவலை. தெனம் காலையில அவர் எதை நெனைச்சுக்கிட்டு அதைத் தொறந்தார்னு தெரிஞ்சிருக்கும்ல?’’