மடல்களின் மனை: லினக்ஸ் ஆக்குநர் சமூகத்தின் உரையாடற்களம் இடம்பெயர்ந்த வரலாறு

ஒரு சமூகத்தின் வரலாற்றை அறிய முற்படுவோர் அதன் ஆக்கங்களை மாத்திரம் நோக்குதல் போதாது. அவ்வாக்கங்கள் எத்தகைய உரையாடல்களினூடே உருப்பெற்றன என்பதையும் நோக்குதல் வேண்டும். திறந்தமூல மென்பொருளின் வரலாற்றை ஆராயுமிடத்து இது மேலும் வலுப்பெறுகின்றது. ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத, ஒரே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிற் சேராத பல நாட்டவர் கூடிச் செய்யும் ஆக்கம் அது. அவர்கள் கூடுதற்கு மண்டபம் இல்லை, மின்னஞ்சலே மண்டபம். அம்மண்டபத்தை வழங்குபவர் எவர், அவர் விலகின் எங்குச் செல்வது, சென்றவிடத்துப் பழைய மடல்களும் உடன்வருமா ஆகிய வினாக்கள் தொழில்நுட்பம் சார்ந்தனவாகத் தோன்றினும், உண்மையில் உடைமையும் நினைவும் பற்றியனவாகும். லினக்ஸ் இயக்குதளத்தின் கருப்பகுதியாகிய கேர்னலை ஆக்கியோரின் மடற்குழு 1991 தொடக்கம் கண்ட இடப்பெயர்வுகள் இதற்குத் தக்க சான்றாகின்றன.

1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயக்குதளத்தை எழுதிவருவதை அறிவித்தபோது, அவருக்கெனக் களம் எதுவும் இருக்கவில்லை. யூஸ்நெற் எனும் செய்தி வலையமைப்பிலே, மினிக்ஸ் எனும் பிறிதோர் இயக்குதளத்தைப் பயன்படுத்துவோருக்கென அமைந்திருந்த குழுவிலேயே அவ்வறிவித்தல் வெளியாயிற்று. லினக்ஸ் பிறர் வீட்டுத் திண்ணையிற் பிறந்தது எனலாம். மினிக்ஸை எழுதிய அம்ஸ்ரர்டாம் பேராசிரியர் அன்ட்ரூ டனன்பாம் 1992 சனவரியில், லினக்ஸின் வடிவமைப்புக் காலங்கடந்தது என அதே குழுவிற் கண்டித்து எழுத, இளைஞர் டோர்வால்ட்ஸ் சினத்துடன் பதிலிறுத்தார். விருந்தினன் வீட்டுக்காரரோடு வாதிடும் இந்நிலை நெடுநாள் நீடித்தல் இயலாது. 1992இலேயே யூஸ்நெற்றில் லினக்ஸுக்கெனத் தனிக்குழு தோன்றிற்று. அதற்குச் சற்று முன்னரே ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக் கணினியொன்றில் மடற்குழு ஒன்றும் இயங்கத் தொடங்கியிருந்தது. ஒரு முகவரிக்கு அனுப்பும் மடல் உறுப்பினர் அனைவருக்கும் பிரதியாகிச் செல்வதே மடற்குழுவின் இயல்பு. அக்குழுவில் மடலின் தலைப்பகுதியிலே அது எவ்வாய்க்காலுக்கு உரியது எனக் குறிக்கும் வழக்கம் இருந்தது; கேர்னல் பற்றிய மடல்கள் ஒரு வாய்க்காலிலும் பொதுவானவை வேறொன்றிலும் சென்றன.

தொண்ணூறுகளில் இக்களம் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்து றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தை அடைந்தது. அங்கு டேவிட் மில்லர் என்பார் பராமரித்த 'வீஜர்' எனும் கணினியில், மேஜர்டோமோ எனும் மென்பொருளின் துணையுடன் லினக்ஸ் மடற்குழுக்கள் நடைபெற்றன. இவ்விரு மனைகளும் பல்கலைக்கழகங்களுக்கு உரியனவாயிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. எவரும் ஒப்பந்தம் எழுதவில்லை, வாடகை கேட்கவில்லை. பல்கலைக்கழகக் கணினியின் ஓரத்தில் இடம் கிடைத்தது, அவ்வளவே. அக்காலத்துத் திறந்தமூல இயக்கம் பெருமளவுக்கு இத்தகைய கண்டுங்காணாத தயவிலேயே வளர்ந்தது.

எனினும், களத்தை வைத்திருப்பவர் வெறும் காவலாளியாக இருப்பதில்லை. வீஜர் கணினியில் மடற்குழுவோடு கேர்னலின் நிரற்றொகுதி ஒன்றும் பேணப்பட்டது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தாம் அனுப்பிய திருத்தங்களை டோர்வால்ட்ஸ் கவனியாது விடுகின்றார் என ஆக்குநர் சிலர் முறையிட்டனர். வீஜர்த் தொகுதியிற் சேர்ந்தவை தம்மை வந்தடைந்தனவாகக் கருதப்படுவதை அவரோ ஏற்கவில்லை. மடற்குழுவிற் பூசல் மூண்டது. மனமுடைந்த டோர்வால்ட்ஸ் சிலகாலம் ஒதுங்கியிருந்தார். ஓரிடத்திலே உரையாடலும் ஆக்கமும் ஒருங்கு குவியின் அவ்விடம் இரண்டாவது தலைநகராக மாறிவிடும் என்பதையே இது உணர்த்திற்று. அவர்களுக்கிடையிலான பிணக்கை இருவரின் குணவியல்பு சார்ந்ததாகச் சுருக்குவோர் இவ்வமைப்புக் காரணத்தைக் காணத் தவறுகின்றனர்.

2000ஆம் ஆண்டளவில் மடற்குழு றட்கேர்ஸை நீங்கியது. சமூகத்திற்கே உரிய கேர்னல்.ஓர்க் எனும் பெயரின் கீழ் புதிய முகவரி அமைந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் முகவரியிலிருந்து மறைந்தது. வீஜர் எனும் பெயர் மாத்திரம் நிலைத்தது. 1979இல் வெளியான ஸ்டார் ட்ரெக் திரைப்படத்திலே, தன் பெயரின் எழுத்துகள் சில மறைந்துபோக மீண்டுவரும் விண்கலத்துக்கும் இதுவே பெயர். இம்மாற்றமே மிகமுக்கியமானது எனக் கருத இடமுண்டு. முகவரி இடந்தருபவருடையதாக இருக்கும்வரை ஒவ்வோர் இடப்பெயர்வும் பிரிவாகும். முகவரி சமூகத்தினுடையதாயின் கணினியை எங்கும் மாற்றலாம். 2011 ஓகஸ்ட் இறுதியில் கேர்னல்.ஓர்க் கணினிகளுள் அந்நியர் ஊடுருவியமை வெளிப்பட்டு, அத்தளம் ஒரு மாதத்துக்கு மேல் முடங்கியது. மடற்குழு வேறு கணினியில் இயங்கியமையால் உரையாடல் அறவே அற்றுப்போகவில்லை. நிரற்றொகுதியைத் தற்காலிகமாகக் கிற்ஹப்பில் வைத்திருப்பதாக டோர்வால்ட்ஸ் அறிவித்ததும் மடல் வாயிலாகவே.

ஆயின் இக்குழுவினர் நெடுங்காலம் கவனியாது விட்ட ஒன்று உண்டு. மடல்கள் செல்லும் வழியைப் பேணினரேயன்றி, சென்ற மடல்களைச் சேமிப்பதை அயலாரிடம் விட்டிருந்தனர். நோர்வே நாட்டினரான லார்ஸ் மாக்னே இங்கேபிரிக்ட்சன் 2002இல் தொடங்கிய ஜிமேன் எனும் சேமகம் அவற்றுட் பெரியது. பல்லாயிரம் மடற்குழுக்களின் மடல்கள் அங்குத் திரண்டன. கேர்னலில் ஒரு திருத்தம் ஏன் செய்யப்பட்டது என்பதற்கு விளக்கமாக, திருத்தக் குறிப்பிலேயே ஜிமேன் பக்கத்தின் முகவரியை எழுதிவைத்தோர் பலர். 2016 யூலையில், இடையறாத வலைத்தாக்குதல்களாற் சலிப்புற்ற இங்கேபிரிக்ட்சன் அச்சேவையைக் கைவிட எண்ணுவதாக எழுதினார். அதன் வலைப்பக்கங்கள் மறைந்தன. பின்னர் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்றும் அப்பக்கங்கள் முன்போல மீளவில்லை. மடல்கள் அழிந்தில, அவற்றுக்குச் செல்லும் வழிகள் அழிந்தன. காரணத்தைத் தேடி அடிக்குறிப்பைப் பின்தொடர்ந்த ஆக்குநருக்கு வெற்றுப் பக்கமே எஞ்சிற்று. ஒரு தனிமனிதர் பதினான்கு ஆண்டுகள் சுமந்த பாரத்தை அவர் இறக்கிவைக்க எண்ணியபோதுதான் அதன் கனம் மற்றோருக்குத் தெரியவந்தது. அவரைக் குறைகூறுதல் நியாயமன்று.

இதன் படிப்பினை 2018இல் லோர் எனும் சேமகமாக வடிவெடுத்தது. லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் இயங்கும் கேர்னல்.ஓர்க் இதனை நிறுவியது. பழைய மடல்களின் இடைவெளிகளை நிரப்புதற்கு, தத்தம் கணினிகளில் மடல்களைச் சேர்த்துவைத்திருந்த ஆக்குநரிடம் அவை கேட்டுப் பெறப்பட்டன. இச்சேமகத்தின் இரு இயல்புகள் குறிப்பிடத்தக்கன. ஒவ்வொரு மடலுக்கும் பிறக்கும்போதே அமையும் தனியடையாளத்தைக் கொண்டே அதன் இருப்பிடம் குறிக்கப்படுகின்றது. ஆகவே சேமகம் மாறினும் மடலைத் தேடிக் காணலாம். முழுச் சேமகத்தையும் எவரும் தம் கணினிக்குப் பிரதிசெய்து கொள்ளலாம் என்பது மற்றையது. ஜிமேனின் முடக்கம் போன்றதொன்று மீண்டும் நேரின், ஆயிரம் இடங்களிற் பிரதி இருத்தல் கூடும்.

மின்னஞ்சலையே விட்டொழித்தால் என்ன என வினவுவோரும் உளர். அவர்களது வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. அலங்கார வடிவிலான மடல்களை வீஜர் ஏற்பதில்லை. இன்றைய மின்னஞ்சற் சேவைகளிற் பழகிய இளைஞரின் முதல் மடல் திருப்பி அனுப்பப்படுதல் அரிதன்று. 2014இல் யாஹூ தன் பயனாளரின் பெயரால் வரும் மடல்களைச் சரிபார்க்கும் விதியைக் கடுமையாக்கியபோது, உலகின் எண்ணற்ற மடற்குழுக்கள் சீர்குலைந்தன. பைதன் மொழியின் ஆக்குநர் 2022இல் தம் முதன்மை உரையாடலை மடற்குழுவிலிருந்து டிஸ்கோர்ஸ் எனும் வலைத்தளத்துக்கு மாற்றினர். நெறிப்படுத்தல் அங்கு எளிது; புதியவர் நுழைதலும் எளிது. கேர்னல் ஆக்குநரோ மாறவில்லை. எவ்வகைக் கணினியிலிருந்தும், எத்துணை மெதுவான இணைப்பிலும், எந்நிறுவனத்தின் அனுமதியுமின்றி எழுதலாம் என்பதே அவர்களது நிலைப்பாடு. இதிற் பழமைப்பற்றும் கலந்துள்ளது என்பதை மறுத்தற்கில்லை; எனினும், 2020 திசெம்பரில் யாஹூ குழுக்கள் முற்றாக மூடப்பட்டதையும், அவற்றோடு பல சமூகங்களின் நினைவுகள் அழிந்ததையும் கண்டோர் அந்நிலைப்பாட்டை எள்ளி நகையாடார்.

மேஜர்டோமோ பல்லாண்டுகளாகப் புதுப்பிப்பார் அற்றுக் கிடந்தது. 2023இல் வீஜர் மடற்குழுக்கள் லினக்ஸ் அறக்கட்டளை பேணும் கணினிகளுக்கும் வேறொரு மென்பொருளுக்கும் மாற்றப்பட்டன. குழுக்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. முகவரிகள் மாறவில்லை, உறுப்பினர் மீண்டும் பெயர் பதியவேண்டியிருக்கவில்லை. முதல்நாள் எழுதிய மடலுக்கு மறுநாள் அதே முகவரியிற் பதில் வந்தது.