உடல் காத்த கலை

நாடகக் கலையில் நூல்களால் காக்கப்பட்டவை பல. மனித உடலால் காக்கப்பட்டவை சில. ரஷ்ய நாடக இயக்குநர் மேயர்ஹோல்டு நடிகர்களுக்கென வகுத்த உடற்பயிற்சி முறை பெரிதும் இரண்டாம் வகையைச் சார்ந்ததாகும்.

1874ஆம் ஆண்டு பென்சா நகரில் பிறந்த மேயர்ஹோல்டு, 1898இல் மாஸ்கோ கலை அரங்கில் நடிகராகச் சேர்ந்தார். அவ்வரங்கின் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, வாழ்க்கையை உள்ளவாறே மேடையில் காட்ட முயன்றவர். நடிகன் பாத்திரத்தின் உள்ளத்தை உணர்ந்தால் மெய்ப்பாடு தானே தோன்றும் என்பது அவ்வரங்கின் நோக்கு. மேயர்ஹோல்டோ 1902இல் அங்கிருந்து விலகி, நாளடைவில் இதற்கு மாறான முடிவுக்கு வந்தார். அஞ்சியதால் ஓடுகிறோம் என்பதைவிட, ஓடுவதால் அஞ்சுகிறோம் என்பதே பொருந்தும் என்ற உளவியல் கருத்து அவரைக் கவர்ந்தது. உடல் செம்மையாக இயங்கினால் உணர்ச்சி பின்தொடரும் என அவர் கருதினார்.

இக்கருத்தின் மீது எழுந்ததே 'பயோமெக்கானிக்ஸ்' எனும் உடலியக்கப் பயிற்சி. 1922இல் அவர்தம் மாணவர்கள் மாஸ்கோவில் இதனைப் பலரறியச் செய்து காட்டினர். அம்பு எய்தல், கல் எறிதல், கன்னத்தில் அறைதல் முதலிய செயல்கள் சிறு சிறு பயிற்சிகளாக அமைந்தன. கையில் வில் இராது. நடிகனின் உடலே வில்லையும் நாணையும் காட்ட வேண்டும். ஒவ்வோர் இயக்கத்துக்கும் முன்னர் அதற்கு எதிர்த்திசையில் ஓர் அசைவு உண்டு. எறியுமுன் கை பின்னே செல்லும். தாவுமுன் உடல் தாழும். அதன்பின் செயல் நிகழும்; முடிவில் உடல் அசைவற்று நிற்கும். இவ்வொழுங்கு நடிகனுக்குச் சமநிலையையும் தாளத்தையும் கற்பித்தது.

1930களில் சோவியத் நாட்டில் காற்றுத் திசைமாறியது. மேயர்ஹோல்டின் கலை வெறும் வடிவவாதம் எனப் பழிக்கப்பட்டது. 1938 ஜனவரியில் அவர்தம் அரங்கு மூடப்பட்டது. அந்நாளில், கொள்கையால் வேறுபட்டிருந்த ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே தம் இசைநாடக அரங்கில் அவருக்குப் பணியளித்தார். அவரும் அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்தார். 1939 ஜூனில் மேயர்ஹோல்டு கைதானார். சித்திரவதைக்குள்ளாகிப் பொய் வாக்குமூலம் அளித்து, பின்னர் அதனை மறுத்தார். 1940 பிப்ரவரி 2ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். 1955இல்தான் அவர் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் பெயரைச் சொல்வதே ஆபத்தாக இருந்தது. எனினும் அவர் அரங்கில் நடித்து, அங்கே இப்பயிற்சியைக் கற்பித்த நிக்கொலாய் குஸ்தோவின் உடல் அதனை மறக்கவில்லை. 1970களில் மாஸ்கோ அங்கத நாடக அரங்கின் இளம் நடிகர் சிலருக்கு, முதியவரான குஸ்தோவ் அதனைக் கற்றுக்கொடுத்தார். அவர்களுள் போக்தானோவ், லெவின்ஸ்கி ஆகியோர் பின்னாளில் அதன் ஆசிரியர்களாயினர். அவர்கள் வழியே அப்பயிற்சி பிற நாடுகளையும் எட்டியது.

குறிப்புகளும் நிழற்படங்களும் எஞ்சியிருந்தன. ஆயினும் அசைவின் விசையையும் காலத்தையும் அவற்றிலிருந்து முழுமையாகப் பெறுதல் அரிது. செய்து காட்ட ஓர் ஆசிரியரும் செய்து பழக ஒரு சில மாணவரும் இருந்தமையாலேயே, அரங்கு மூடப்பட்ட பின்னும் அக்கலை பிழைத்தது.