ஒரே தப்பு, இரு முழக்கம்

கலைஞனின் கற்பனை தனிமையில்தான் ஊற்றெடுக்கும் என்று வாதிடும் நண்பர்கள், இலங்கை மலையகத்துத் தப்பைக் கேட்டதில்லை போலும்.

19-ஆம் நூற்றாண்டில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்த மக்கள் கொணர்ந்த கருவி அது. அட்டன், நுவரெலியாப் பகுதிகளில், துரைமார் காலத்தில், பொழுது புலருமுன் லயங்களை எழுப்பி வேலைக்கு இழுத்தது பிரட்டுத் தப்பு. சி. வி. வேலுப்பிள்ளை 1954-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டக் காவியத்தில் அந்த விடியல் முழக்கம் கேட்கிறது. அதில் கலைஞனுக்கு இடமேது? அது துரையின் கடிகாரம்.

மாசியில் அதே தப்பு காமன் கூத்துக்கு வருகிறது. மலைப் பனியில் தளர்ந்த தோலைத் தீயில் காய்ச்சி இறுக்குகிறார்கள். ரதி, மதன் வேடத்தார் காலைப் பார்த்து நடை மாறுகிறது; தப்பைக் கேட்டு அவர்கள் அடி மாற்றுகிறார்கள். சூழ்ந்து நிற்போருக்குக் கதையும் பாட்டும் மனப்பாடம். அவர்களை ஏமாற்ற முடியாது. அந்தக் கூச்சமே தப்படிப்பவரின் செவியைக் கூர்மையாக்குகிறது. அவர்களுடைய ஆரவாரமே துணிவும் ஊட்டுகிறது. ஒத்திகையில் தோன்றாத தாளக்கோவை அப்போது பிறக்கிறது.

ஆனால், இந்தக் கலைஞரைச் சாதியின் பேரால் தாழ்த்தியதும் இதே கூட்டந்தான். சாமிக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு, அடித்தவருக்கோ மதிப்பில்லை. பழி பொறாமல் தப்பைக் கீழே வைத்துவிட்ட இளைஞர்களைக் கலையைக் கொன்றவர்கள் என்று ஏசுவோர் உண்டு. நான் அவர்களோடு சேரேன்.