பைத்தானுக்குக் கட்டுச்சோறு கட்டிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது அவரும் ஆசிரியர். மதிப்பெண்களைத் தொகுத்துத் தேர்ச்சிப் பட்டியல் அச்சிடும் சின்ன மென்பொருள் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறார். அவருடைய லினக்ஸ் மடிக்கணினியில் அருமையாக ஓடுகிறது. பள்ளி அலுவலகத்தில் இருப்பதோ விண்டோஸ். அதில் பைத்தானே இல்லை. நண்பர் ஒருவரின் விண்டோஸ் கணினியில் உட்கார்ந்து, பைஇன்ஸ்டாலர் என்ற கருவியால் அதை ஒரே எக்ஸி கோப்பாக மாற்றிக் கொண்டுபோனார். திறப்பதற்குள் வைரஸ் தடுப்பு மென்பொருள் அதை அழித்துவிட்டது. "நான் எழுதினது வைரஸா சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்புக்குள் வருத்தம் இருந்தது.

"உன் தப்பு இல்லப்பா, இதுக்குப் பின்னாடி முப்பது வருஷக் கதை இருக்கு" என்றேன். அவரிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

கதை நெதர்லாந்தில் தொடங்குகிறது. ஆம்ஸ்டர்டாமில் சிடபிள்யூஐ என்ற கணித, கணினி ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கைடோ வான் ரோசம், 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பைத்தானை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் பொதுவில் வெளியிட்டார். அன்று அதைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்களும் நிரலாளர்களும்தான். எழுதுகிறவரே ஓட்டுகிறவர். பைத்தான் இல்லாத கணினியில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே அவசரம் இல்லை.

கணினி படிக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். சி மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றிவிடும். அது பொட்டலம் போட்ட முறுக்கு மாதிரி. அதே வகைக் கணினி இருந்தால் பிரித்துச் சாப்பிடலாம். பைத்தான் நிரல் சமையல் குறிப்பு மாதிரி. போகிற இடத்தில் அடுப்பு வேண்டும், மளிகை வேண்டும். அடுப்பு என்பது இன்டர்பிரட்டர். மளிகை என்பது அந்த நிரல் கேட்கும் லைப்ரரிகள். இவை இல்லாத ஊருக்குப் போகிறவர் கட்டுச்சோறுதான் கட்ட வேண்டும். பைத்தானில் வேடிக்கை என்னவென்றால், அடுப்பையும் சேர்த்தே கட்ட வேண்டும்!

தொடக்க காலத்தில் இந்த வேலையைச் செய்தது, பைத்தானுடனேயே வந்த 'ஃப்ரீஸ்' என்ற கருவி. நிரல் எந்தெந்த மாட்யூல்களைக் கேட்கிறது என்று தேடி, அவற்றை எல்லாம் சி மொழிக் கோப்புகளுக்குள் வெறும் எண் வரிசைகளாக எழுதி, பைத்தானோடு சேர்த்துக் கம்பைல் செய்யும். நல்ல யோசனைதான். ஆனால் கட்டுகிறவரிடம் சி கம்பைலர் இருக்க வேண்டும். சாதாரண விண்டோஸ் கணினியில் அது இருக்காது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்டன் மெக்மில்லன் என்பவர் 'இன்ஸ்டாலர்' என்ற கருவியில் இதற்கு வழி கண்டார். முன்பே கம்பைல் செய்த ஒரு சின்ன நிரலைத் தலையாக வைத்துக்கொண்டார். பைத்தானையும் லைப்ரரிகளையும் மூட்டையாகக் கட்டி அதன் வாலில் ஒட்டினார். இரட்டைக் கிளிக் செய்தால் தலை எழுந்து, வாலில் உள்ள மூட்டையைப் பிரித்து ஓட்டும். புதிதாகக் கம்பைல் செய்யத் தேவையில்லை. அதே காலத்தில் தாமஸ் ஹெல்லர் விண்டோஸுக்காக 'பை2எக்ஸி' எழுதினார். பிறகு மேக் கணினிகளுக்கு பாப் இப்போலிட்டோவின் 'பை2ஆப்' வந்தது. மெக்மில்லன் ஒதுங்கிய பிறகு அவருடைய கருவியை மற்றவர்கள் கையிலெடுத்து, 2005 முதல் பைஇன்ஸ்டாலர் என்ற பெயரில் வளர்த்தார்கள். என் மாணவர் பயன்படுத்தியது இதைத்தான்.

இந்தக் கருவிகளின் பயனை உலகமே அனுபவித்தது, ஆனால் கவனிக்கவில்லை. பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்ட பிட்டோரன்ட் பைத்தானில் எழுதப்பட்டது. விண்டோஸில் அதை நிறுவியவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே பைத்தான் இருப்பது தெரியும்? 2008-இல் பொதுவில் வந்த டிராப்பாக்ஸும் அப்படியே. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் பைத்தானைக் கூடவே சுமந்து சென்றது. 2013-இல் கைடோவே அந்த நிறுவனத்தில் சேர்ந்தார்.

எனக்குப் பிடித்த உதாரணம் கேலிபர். மின்னூல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2006-இல் சோனி வெளியிட்ட மின்னூல் கருவி லினக்ஸோடு பேசவில்லை. இந்தியரான கோவிட் கோயல் தன் தேவைக்காக எழுதத் தொடங்கியதுதான் பின்னாளில் கேலிபர் ஆனது. லினக்ஸ் விநியோகங்கள் தரும் கேலிபரைப் போடாதீர்கள், எல்லாம் உள்ளே இருக்கும் எங்கள் பொட்டலத்தையே போடுங்கள் என்று அதன் தளம் இன்றும் சொல்கிறது. பக்கத்து வீட்டு அடுப்பை நம்பிப் பட்டவர் சொல்கிற பேச்சு அது.

லினக்ஸில் அடுப்பு எல்லா வீட்டிலும் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் புதிய பதிப்பை வைத்துக் கட்டிய மென்பொருள் பழைய லினக்ஸில் ஓடாது. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். அதனால் இருப்பதிலேயே பழைய கணினியில் கட்டுவது வழக்கமானது. பைத்தான் லைப்ரரிகளை எல்லா லினக்ஸுக்கும் பொதுவாகக் கட்ட 2016-இல் ஒரு தரம் வகுத்தார்கள். அதற்கு அடிப்படையாக எடுத்தது 2007-இல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 5!

இன்னொரு சிக்கல் உண்டு. பைஇன்ஸ்டாலர் விண்டோஸில் கட்டினால் விண்டோஸுக்கு மட்டும்தான். மேக்கிற்கு வேண்டுமென்றால் மேக்கில்தான் கட்ட வேண்டும். ஒற்றை ஆள் மூன்று கணினிகளுக்கு எங்கே போவார்? 2019 வாக்கில் கிட்ஹப் போன்ற தளங்கள் திறமூலத் திட்டங்களுக்கு மூன்று இயங்குதளங்களையும் இலவசமாகக் கடன் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இது தணிந்தது.

இப்படி ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தபோது வேறொரு சுவர் எழுந்தது. அதன் பெயர் நம்பிக்கை. 2012-இல் ஆப்பிள் 'கேட்கீப்பர்' என்ற காவலையும், விண்டோஸ் 8 'ஸ்மார்ட்ஸ்கிரீன்' எச்சரிக்கையையும் கொண்டுவந்தன. முகம் தெரியாதவர் எழுதிய மென்பொருளைத் திறக்கும் முன் தடுப்பது இவற்றின் வேலை. ஆப்பிளிடம் முறைப்படி ஒப்புதல் பெற ஆண்டுக்கு 99 டாலர் கட்டி உறுப்பினராக வேண்டும். விண்டோஸுக்கான கையொப்பச் சான்றிதழும் காசுதான். 2023 ஜூன் முதல் அதன் ரகசியச் சாவியைத் தனி வன்பொருளில் பூட்டி வைக்க வேண்டும் என்றும் ஆனது.

காவல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தீங்கு செய்கிறவர்களும் இதே பைஇன்ஸ்டாலரைத்தான் பயன்படுத்துகிறார்கள். கட்டுகிறவர் யாரானாலும் தலைப்பகுதி நிரல் ஒன்றுதான். ஒரே கோப்பாகக் கட்டினால், திறந்ததும் தற்காலிகக் கோப்புறையில் மூட்டையைப் பிரித்து ஓட்டுகிறது. வைரஸ்களும் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஆகவே வைரஸ் தடுப்பு மென்பொருள் தலையைப் பார்த்து முடிவு கட்டிவிடுகிறது. திருடன் போட்ட அதே சட்டையைப் போட்டதற்காக என் மாணவர் பிடிபட்டார், அவ்வளவுதான்.

ஆனால் இதன் பாரம் யார் தலையில் விழுகிறது? பெரிய நிறுவனத்துக்கு 99 டாலர் தேநீர்ச் செலவு. இலவசமாக எழுதி இலவசமாகக் கொடுக்கிற ஓர் ஆசிரியருக்கு அப்படி இல்லை. முதல் இருபது ஆண்டுகளில் வந்த தடைகளை அறிவால் தாண்ட முடிந்தது. யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து ஒரு கருவி எழுதினார், எல்லோருக்கும் வழி திறந்தது. இப்போதைய தடையை அப்படித் தாண்ட முடியவில்லை. இதுதான் எனக்கு உறுத்துகிறது.

கடைசியில் என்ன செய்தோம் என்கிறீர்களா? தலைமையாசிரியர் அனுமதியோடு அலுவலகக் கணினியில் பைத்தானையே நிறுவிவிட்டார். அடுப்பைக் கொண்டுபோய் வைத்தாயிற்று! பக்கத்துப் பள்ளிகளிலும் அந்த மென்பொருளைக் கேட்கிறார்களாம். அங்கெல்லாம் இவர் நேரில் போய்த்தான் நிறுவ வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பாடம் எடுத்த காலத்தில் நிரல் ஆய்வகத்தில் ஓடினால் மதிப்பெண் போட்டுவிடுவேன். "அடுத்தவர் கணினியில் இது ஓடுமா?" என்று ஒரு மாணவரிடமும் கேட்டதில்லை. இப்போது வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் கேளுங்கள். ஒரு பாடவேளை ஒதுக்கி, எழுதியதைப் பக்கத்து ஆய்வகக் கணினிக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் கைப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். அந்தத் தம்பியும் இந்தப் பதிவைப் படிப்பார்.