வட்டக்களரியும் வீடியோச் சாளரமும்

கணினித் திரையில் வீடியோ ஓடும் பெட்டியைத் தமிழில் சாளரம் என்று எழுதுகிறோம். மட்டக்களப்பில் பேசும்போது யன்னல் என்பார்கள். அந்த யன்னலை எவ்வளவு அகலமாகவும் எவ்வளவு உயரமாகவும் வைத்துக்கொள்வது என்பது கணினிக்காரரின் சில்லறை விடயமாகத் தோன்றலாம். வாவிக் கரைகளின் கூத்துப் பதிவுகளைத் தேடிப் பார்க்கின்றவருக்கு அது சில்லறை விடயமன்று. இன்று வெளிநாடுகளிலும் ஊரிலும் கைமாறும் பிரதிகளிற் பலவற்றில் அரசனும் மந்திரியும் இயல்பைவிட மூன்றில் ஒரு பங்கு பருத்த உடம்போடு ஆடுகிறார்கள். வேறு சிலவற்றில் அரசனுக்கு முடியும் இல்லை, பாதமும் இல்லை. இந்தக் கோலம் எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்வதற்குக் களரியிலிருந்து தொடங்கவேண்டும்.

மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் வட்டக்களரியில் ஆடப்படுவன. வெட்டவெளியில் மண்ணை உயர்த்தி வட்டமாக மேடை அமைத்து, சுற்றிலும் கம்பங்கள் நாட்டி ஒளியேற்றுவர். நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பார். தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவரோடு நிற்பர். ஆடுவோர் இவர்களைச் சுற்றி ஆடுவர். பார்ப்போர் களரியைச் சுற்றி நாற்புறமும் பாய் விரித்து அமர்வர். இந்த அரங்கில் முன்பக்கம், பின்பக்கம் என்ற பேச்சுக்கு இடமில்லை. கூத்தர் ஒரு பக்கத்தாருக்கு முதுகைக் காட்டும் வேளையில் எதிர்ப்பக்கத்தாருக்கு முகத்தைக் காட்டுகிறார். விடியும்வரை சுற்றிச் சுற்றி வருவதால் யாருக்கும் குறை இல்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் கூத்துப் பார்த்த முறை இது.

இந்த வட்டத்துக்கு முதலாவது சட்டம் 1960களில் பேராதனையில் இடப்பட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர் 1962இலும், நொண்டி நாடகம் 1963இலும், அதன்பின் இராவணேசனும், 1968இல் வாலி வதையும் மேடையேறின. இராவணேசனில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்த பேராசிரியர். விடிய விடிய ஆடப்பட்டது மணிக்கணக்குக்குள் சுருங்கியது. நாற்புறமும் திறந்திருந்தது மூன்று புறமும் மூடப்பட்டது. அந்த மேடையைப் படச்சட்ட மேடை என்றே நாடகத்துறையார் சொல்வர். பெயர் மிகப் பொருத்தம். படித்தவர்களிடையே கூத்துக்குக் கிடைத்த மதிப்பு பெரும்பாலும் இந்த முயற்சியால் வந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எனினும் கூத்தர் எந்தப் பக்கம் பார்த்து ஆடவேண்டும் என்ற கேள்வி முதன்முதலாக எழுந்தது அங்கேதான். 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் முதலானோர் சீலாமுனைக் கிராமத்து மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கியபோது, கூத்தை அதன் சமூகத்துக்குள்ளும் களரிக்குள்ளும் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற வாதம் மீண்டும் வலுப்பெற்றது.

இரண்டாவது சட்டம் கமராவோடு வந்தது. இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. அதே காலத்தில் மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் வீடியோ டெக்குகளைக் கொண்டுவந்தனர். மின்சாரம் எட்டாத ஊர்களில் மின்பிறப்பாக்கியை வைத்துப் படம் காட்டினார்கள். கமராவும் ஊருக்குள் வந்தபின் திருமண வீடு, கோயிற் திருவிழா ஆகியவற்றோடு கூத்து அரங்கேற்றங்களும் ஒளிநாடாவில் ஏறின. போர்க் காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அந்த நாடாக்களே ஊர்.

கமராக்காரர் ஒரு பக்கத்தில் நிற்கவேண்டியவர். அவருடைய சட்டம் நான்குக்கு மூன்று: அகலம் நான்கு பங்கென்றால் உயரம் மூன்று பங்கு. 1890களில் எடிசனின் ஆய்வுகூடத்தில் டிக்சன் என்பவர் 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளுக்கு வகுத்த விகிதத்தைத் தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டது. தொலைக்காட்சியிடமிருந்து வீடியோக் கமரா பெற்றது. களரி முழுவதும் தெரியவேண்டுமானால் தூரப் போகவேண்டும். போனால் முகம் தெரியாது. கிட்ட வந்தால் ஆடுபவர் சட்டத்தை விட்டு வெளியே போய், அண்ணாவியாரின் மறுபக்கத்தால் திரும்பி வருவார். ஆயினும் அந்தச் சட்டம் உடம்பின் அளவைப் பொய்யாக்கவில்லை. நெட்டையர் நெட்டையராகவும் கட்டையர் கட்டையராகவுமே தெரிந்தனர்.

மூன்றாவது சட்டந்தான் நாம் பேசவந்த சாளரம்.

வீசிடி எனப்படும் வீடியோ இறுவட்டுக்கான விதிகள் 1993இல் வகுக்கப்பட்டன. ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடம் கொள்ளும். எட்டு மணி நேரக் கூத்தொன்றை முழுவதும் ஏற்ற ஏழு வட்டுகள் வேண்டும். செலவை நினைத்துச் சுருக்குவதே பலருக்கு இலகுவாயிற்று. எமது நாட்டுத் தொலைக்காட்சி முறைக்குரிய வீசிடியில் படத்தின் அளவு கிடையாக 352 புள்ளிகள், நெடுக்காக 288 புள்ளிகள். அக்காலத்துக் கணினித் திரை 800க்கு 600 புள்ளிகள் கொண்டதாயின், படம் அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். 1024க்கு 768 திரையில் எட்டில் ஒரு பங்கு அளவே. இன்று வழக்கிலுள்ள 1920க்கு 1080 திரையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. முழுக் களரியும் ஒரு தபால் முத்திரை போலத் தெரியும். பெருப்பித்தால் கூத்தரின் முகம் சதுரக் கட்டிகளாக உடையும். சிறிதாய்த் தெளிவாகப் பார்ப்பதா, பெரிதாய் மங்கலாகப் பார்ப்பதா என்பதைப் பார்ப்பவரே தீர்மானிக்கும் நிலை அப்போதுதான் உண்டாயிற்று. பாயில் இருந்தவருக்கும் திரையரங்கில் இருந்தவருக்கும் அந்த அதிகாரம் இருந்ததில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வீசிடியின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 352 புள்ளிகளை 384 புள்ளி அகலத்துக்கு விரித்துக் காட்டினால்தான் நான்குக்கு மூன்று என்ற விகிதம் சரிவரும். விரிக்காமல் புள்ளிக்குப் புள்ளி காட்டிய மென்பொருள்களில் ஆட்கள் நூற்றுக்கு எட்டுப் பங்கு மெலிந்து போனார்கள். கூத்தர்கள் முதலில் மெலிந்து, பின்னரே பருத்தார்கள்.

கணினியில் பார்த்தவர்களை வேறொன்றும் குழப்பிற்று. பழைய தொலைக்காட்சிப் பெட்டி படத்தின் ஓரங்களைச் சிறிது மறைத்துவிடும். கணினிச் சாளரம் எதையும் மறைக்காது. ஆகவே ஒளிநாடாவின் அடிப்பகுதியில் எப்போதுமே இருந்த நடுங்கும் கோடு முதன்முறையாகக் கண்ணில் பட்டது. நாடா பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கவலைப்பட்டவர்கள் உண்டு. பழுது ஏதுமில்லை, நாடாவைப் படிக்கும் தலைகள் மாறும் இடம் அது.

2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் மீடியா பிளேயர் ஏழாம் பதிப்பு, விதம் விதமான தோற்றங்களை மாட்டிக்கொள்ள வசதி தந்தது. அலங்காரம் திரையை அடைத்துக்கொள்ள, படத்துக்கு இடம் சுருங்கியது. பந்தலைப் பெரிதாகப் போட்டு மணவறைக்கு இடம் விடாத கதை. இதற்கு எதிர்வினை போல 2003இல் கபெஸ்ற் என்ற புனைபெயர் கொண்ட நிரலாளர் மீடியா பிளேயர் கிளாசிக்கை வெளியிட்டார். பழைய ஆறாம் பதிப்பின் எளிய தோற்றம். உள்ளே அரை அளவு, இயல்பளவு, இரட்டை அளவு, சாளரத்துக்குள் அடங்கும்படி, சாளரத்தை நிரப்பும்படி என்று படத்தின் அளவை வைக்கும் வழிகள் தனித்தனியே இருந்தன. இன்று பெரும்பாலானோர் பயன்படுத்தும் விஎல்சி, பரிசின் தெற்குப் புறநகரில் இருந்த எகோல் சென்றால் பொறியியற் கல்லூரியின் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை. கல்லூரி வலையமைப்பில் தொலைக்காட்சியை ஓடவிடுவதே அவர்களின் நோக்கம். 2001இல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. வீதியில் வைக்கும் செம்மஞ்சட் கூம்பு அதன் சின்னம்.

விஎல்சியில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது படத்தின் அளவுக்கு ஏற்பத் தன் சாளரத்தை அது தானே மாற்றிக்கொள்ளும். ஏழெட்டுக் கோப்புகளாக உடைந்த கூத்தொன்றைப் பார்ப்பவருக்கு இது எரிச்சல் தரும். விருப்பத்தெரிவுகளில் இடைமுகப் பகுதிக்குச் சென்று அந்தத் தெரிவை நீக்கிவிட்டால், வைத்த அளவில் சாளரம் நிற்கும்.

சிறிய சாளரத்தை இகழவேண்டாம். அதற்கும் ஒரு வேலை உண்டு. கூத்துப் பாட்டுகளைப் பதிவிலிருந்து கேட்டு எழுதுவோர், படத்தைத் திரையின் மூலையில் சிறிதாக வைத்து, எப்போதும் மேலே நிற்கும்படி செய்துவிட்டு, பக்கத்தில் எழுத்துக்கோப்பைத் திறந்துவைத்துக்கொள்கிறார்கள். விஎல்சியில் இடது சதுர அடைப்புக்குறி விசை படத்தின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும். பிற்பாட்டுக்காரர் சேர்ந்து எடுக்கும்போது சொல் கலங்கும் இடங்களில், கூத்தரின் வாயசைவைப் பார்த்துச் சொல்லைத் தெளியலாம். ஒலிநாடாவை முன்னும் பின்னும் சுழற்றிச் செவ்வி எழுதிய எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளருக்கு இது பெரிய கொடை.

இனி அந்தப் பருமன் வந்த கதை. 2000களின் பிற்பாதியில் மடிக்கணினிகளும் தட்டைத் தொலைக்காட்சிகளும் 16க்கு 9 என்ற அகல விகிதத்துக்கு மாறின. 2008 நவம்பரில் யூரியூப்பும் தன் சாளரத்தை அந்த விகிதத்துக்கு விரித்தது. கிழக்கில் சண்டை 2007இலும் நாடு முழுவதும் போர் 2009இலும் முடிந்தபின், தட்டைத் தொலைக்காட்சி வாவிக் கரை வீடுகளுக்கும் வந்தது. நான்குக்கு மூன்று என்ற பழைய படத்தை அகலத் திரையில் நேர்மையாகக் காட்டினால் இருபுறமும் கரும்பட்டை விழும். காசு கொடுத்து வாங்கிய திரையில் கறுப்பு எதற்கு என்று மக்கள் கேட்டார்கள். விஎல்சியில் ‘ஏ’ விசையை அழுத்த அழுத்த விகிதம் மாறும். கரும்பட்டை மறையும்வரை அழுத்தினார்கள். மறைந்தது. 16க்கு 9ஐ நான்குக்கு மூன்றால் வகுத்துப் பாருங்கள்: மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலம். இந்தக் கணக்குத்தான் அரசனையும் மந்திரியையும் பருக்கவைத்தது.

பத்திரிகைத் தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்றைக் கண்டிருக்கிறேன். ஈய எழுத்துக் காலத்தில் ஒளிப்படத்தைப் பத்தி அகலத்துக்கு வெட்டுவோம், இழுக்க வழியில்லை. கணினியில் பக்கம் அமைக்கத் தொடங்கியபின், இடம் நிரம்பாத வேளையில் படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். அமைச்சர்களின் முகங்கள் அகன்றன. அவர்கள் யாரும் முறைப்பட்டதாகத் தெரியவில்லை.

வடமோடி அரசனின் கரப்புடுப்பை நினைத்துப் பாருங்கள். மீன் பிடிக்கும் கரப்பைப் போல இடுப்பிலிருந்து வட்டமாக விரிவதால் அந்தப் பெயர். அதை மேலும் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் இழுத்தால் உடுப்புத் தோணியாகிவிடும். ஆடுபவரின் துள்ளலில் இருக்கும் உயரம் போய்விடும். வேகமான சுழற்சி உருளுவதுபோல் தெரியும். கூத்தை அறியாத இளையவர் ஒருவர் அதைப் பார்த்தால், ஆட்டமே இவ்வளவு கனமானது என்று எண்ணுவார். நான் இதை எழுத முனைந்ததற்குக் காரணம் இதுவே.

கரும்பட்டையைப் போக்க இன்னொரு வழி, மேலும் கீழும் வெட்டுவது. விகிதம் கெடாது, ஆனால் உயரத்தில் காற்பங்கு போய்விடும். கூத்தில் அந்தக் காற்பங்கில் இருப்பவை மேலே முடி, கீழே சதங்கை கட்டிய கால்கள். தாளக்கட்டுக்கு அடி வைப்பதைக் காணாமல் கூத்துப் பார்த்தேன் என்று சொல்ல இயலாது. இழுத்ததை மீட்கலாம், வெட்டியதை அந்தப் பிரதியிலிருந்து ஒருபோதும் மீட்க முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். சாளரத்தில் நாம் செய்யும் இழுப்பு அந்த நேரத்துக்கு மட்டும் உரியது. கோப்புக்கு எதுவும் ஆகாது. இழுத்த கோலத்திலேயே புதிய கோப்பாக மாற்றி இணையத்தில் ஏற்றும்போதுதான் பிழை படிந்துவிடுகிறது. அடுத்தவர் அதிலிருந்து பிரதி எடுக்கிறார். மூல நாடாவோ வாவிக் கரையின் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டிருக்கும். கரையோர வீடுகளில் வைத்திருந்த எத்தனையோ நாடாக்களும் ஒளிப்படங்களும் 2004 டிசம்பர் 26இல் கடலோடு போயின.

பிரதி சரியானதா என்று அறிவது எப்படி? உலகத் தொலைக்காட்சி நிலையங்கள் இதற்காகவே தங்கள் சோதனைப் படத்தின் நடுவில் ஒரு பெரிய வட்டத்தை வரைந்தன. பிலிப்ஸ் நிறுவனத்தின் பிஎம் 5544 அவற்றுட் புகழ்பெற்றது. வட்டம் முட்டையானால் கருவி பிழை. நம்மிடமும் வட்டக்களரி இருக்கிறதே என்று தோன்றும். அது உதவாது, பக்கத்தில் நிற்கும் கமராவுக்குக் களரி ஏற்கனவே நீள்வட்டமாகத்தான் தெரியும். தாளக்காரரின் கைத்தாளம் கமராவை நேரே நோக்கும் ஒரு கணத்தில் படத்தை நிறுத்தி அளந்து பாருங்கள். அது கிடைக்காவிட்டால், கம்பத்தில் தொங்கும் உருண்டை மின்குமிழ் போதும். அகலம் கூடியிருந்தால் விகிதத்தை நான்குக்கு மூன்று என்று கட்டாயப்படுத்துங்கள். ஆள் பழைய உருவத்துக்குத் திரும்புவார். வேகமாகச் சுழலும் இடங்களில் உடுப்பின் ஓரம் சீப்புப் பல்லுப்போல் பிரிந்து தெரிந்தால் ‘டி’ விசையை அழுத்துங்கள். அது பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு படத்தை இரு பாதியாக அனுப்பியதால் வருவது.

வீட்டில் ஒளிநாடாவோ வீசிடியோ வைத்திருப்பவர்கள், கணினிக்கு மாற்றக் கொடுக்கும்போது நான்குக்கு மூன்றிலேயே, கரும்பட்டை விழுந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிக் கொடுங்கள். மாற்றியபின் நாடாவை எறிந்துவிடாதீர்கள்.