குயவன் இல்லாத குடம்

திருவிடந்தையில் மாலைக்குத்தான் மவுசு. கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணோ பையனோ மாலையோடு நித்திய கல்யாணப் பெருமாள் சன்னதிக்குப் போவார்கள். அர்ச்சனை ஆனதும் மாலை அவர்கள் கழுத்துக்கு வரும். அதோடு பிராகாரத்தை ஒன்பது சுற்று. வீட்டில் பத்திரப்படுத்திய அதே மாலை, கல்யாணமானபின் ஜோடியாக வரும்போது கோயிலுக்கே திரும்பும். கருவறையில் ஆதிவராகர் தாயாரைத் தொடையில் தாங்கி நிற்கிறார். காலவ ரிஷியின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாக மணந்தவர் என்கிறது தலபுராணம்.

காய்ந்த மாலையோடு திரும்பும் ஜோடிகளே கடவுள் உண்டு என்பதற்கு அத்தாட்சி என்று வரிசையில் நிற்பவர்கள் சொல்வார்கள். தர்க்கம் படித்தவர் மடக்கிவிடுவார்: கல்யாணம் ஆகாதவர்கள் யாரும் மாலையைத் தூக்கிவந்து கணக்குக் காட்டுவதில்லையே? பக்கத்துத் திருக்கழுக்குன்றத்திலும் இப்படி ஒன்று இருந்தது. உச்சிவேளையில் பிரசாதம் உண்ண மலைமேல் கழுகுகள் வந்துகொண்டிருந்தன. அவை வருவது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வேதகிரீஸ்வரரைப் பார்க்கப் படியேறுகிற கூட்டம் நிற்கவில்லை.

செங்கல்பட்டுச் சீமையில் அருகருகே இருக்கும் இந்த வைணவத் தலத்துக்கும் சைவத் தலத்துக்கும் பின்னால் இருவேறு தத்துவங்கள் நிற்கின்றன. கடவுள் உண்டா என்பதில் அவற்றுக்குள் சண்டை இல்லை. கடவுள் உண்டு என்பதை வேதத்தின் துணையில்லாமல் வெறும் அறிவால் நிறுவ முடியுமா என்பதில்தான் பிரிகின்றன. முடியாது என்றவர் ராமாநுஜர். முடியும் என்று தம் நூலின் முதல் சூத்திரத்திலேயே தொடங்கியவர் சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டார்.

முதலில் மெய்கண்டார். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் இருந்தவர். அவருடைய சிவஞான போதம் 12 சூத்திரம், மொத்தம் 40 அடி. அந்தச் சூத்திரங்களுக்கு மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வழக்காடுகிறவர் போல அடுக்கிக்கொண்டே போகிறார். அவன், அவள், அது என்று சுட்டிச் சொல்லக்கூடிய உலகம் தோன்றி, நின்று, அழிகிறது. தானாக இயங்க முடியாத ஒன்று அழிந்து மறுபடி தோன்ற வேண்டுமானால், எதில் ஒடுங்கியதோ அதிலிருந்துதான் தோன்ற வேண்டும். எல்லாம் ஒடுங்கியபின்னும் ஒடுங்காமல் நிற்பவன் எவனோ அவனே முதல்வன்.

இந்த வாதம் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இதன் தொடக்கம். 1802இல் வில்லியம் பேலி கடிகாரத்தைக் காட்டி, இவ்வளவு நேர்த்தியான பொருளைச் செய்தவன் ஒருவன் இருக்க வேண்டாமா என்று கேட்டார். உலகில் நேர்த்திக்கேடும் ஏராளம் என்று யாராவது சொல்லிவிட்டால் பேலி தடுமாறிப்போவார். மெய்கண்டாரோ உலகத்தின் அழகைப் பற்றிப் பேசவே இல்லை, அழிவிலிருந்து தொடங்குகிறார். அழகில்லை என்று சாதிக்கலாம். அழிவில்லை என்று சாதிப்பவர் யார்?

அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதற்குக் குடத்தை உவமை சொல்கிறார். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை மண், சத்தி சக்கரம், சிவன் குயவன்.

ராமாநுஜர் இந்தக் குயவனை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்டுவிட்டார். அவர் எதிரே இருந்தவர்கள் சித்தாந்திகள் அல்லர், நியாயம் என்ற தர்க்க மரபினர். உதயணரின் நியாயகுசுமாஞ்சலி வளர்த்தெடுத்த வாதமும் இதே வகைதான்: உலகம் ஒரு காரியம், ஆகவே கர்த்தா உண்டு. பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யப் பகுதியில் ராமாநுஜர் அதை ஒரு நாத்திகர்கூடச் செய்யத் தயங்குகிற அளவுக்குக் கிழிக்கிறார். மலையும் கடலும் உண்டானவை என்றே வைத்துக்கொள்வோம். ஒரே காலத்தில், ஒரே கர்த்தாவால் உண்டானவை என்பது எப்படித் தெரியும்? நாம் பார்க்கிற காரியங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் செய்தவை. திருவிடந்தைக் கோயிலையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு தலைமுறை கட்டியதா அது? நாம் பார்த்த கர்த்தாக்கள் எல்லோருக்கும் உடம்பு உண்டு. உடம்பில்லாத கர்த்தாவை எந்த அனுபவத்திலிருந்து ஊகிப்பது? புண்ணிய பலத்தால் பெரும் ஆற்றல் பெற்ற ஜீவர்களே உலகைச் செய்திருக்கக் கூடாதா? 1779இல் வெளியான டேவிட் ஹியூமின் உரையாடல்களில், உலகைச் செய்தவர் ஏன் பலராக இருக்கக் கூடாது என்று இதே கேள்வி வருகிறது. ஹியூமுக்கு அது சந்தேகத்துக்கு வழி. ராமாநுஜருக்கு அது, சாஸ்திரம் ஒன்றே பிரமாணம் என்பதற்கு வழி.

இதில் ஒரு சுவாரசியம், அவருடைய ஆசாரிய பரம்பரையில் முன்னவரான ஆளவந்தாரே ஈஸ்வரசித்தி என்ற நூலில் அனுமானத்தை, அதாவது தர்க்க ஊகத்தைக் கொண்டு கடவுளை நிறுவப் பார்த்திருக்கிறார். கிடைத்திருக்கும் நூல் முழுமையானதல்ல. ஆனாலும் ராமாநுஜர் அந்த வழியில் போகவில்லை என்பது தெளிவு.

ஏன் போகவில்லை? அனுமானத்தின் ஓட்டைகள் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய பெருமாள் குயவர் அல்லர். சித்தும் அசித்தும், அதாவது உயிரும் சடமும், பிரம்மத்துக்கு உடல். உலகுக்கு முதற்காரணமும் நிமித்த காரணமும் அந்தப் பெருமாளே. மண்ணும் குயவனும் ஒன்றான குடத்தை எந்தத் தெருவிலும் பார்க்க முடியாது. குட வாதம் வென்றாலும் அது கொண்டுவந்து நிறுத்துகிற கடவுள் வெளியே நின்று மண் பிசைகிறவர். திருவிடந்தையில் தாயாரைத் தொடைமேல் தாங்குகிறவர் அவர் இல்லை.

சித்தாந்தத்துக்கு இந்தச் சங்கடமே கிடையாது. பதியான சிவனைப் போலவே பசுவாகிய உயிரும், மாயையை உள்ளடக்கிய பாசமும் அநாதி. மாயையைச் சிவன் படைக்கவில்லை. 1781இல் காண்ட், உலக ஒழுங்கைக் காட்டும் வாதம் ஒரு கட்டடச் சிற்பியைத்தான் நிரூபிக்கும், மூலப்பொருளையே படைத்தவனை அல்ல என்றார். ஒன்றுமில்லாததிலிருந்து படைத்த கர்த்தரை நம்பியவர்களுக்கு அது பேரிடி. அருணந்தியிடம் சொல்லியிருந்தால், சரி, அதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்று அடுத்த செய்யுளுக்குப் போயிருப்பார்.

ஆனாலும் ராமாநுஜர் வைத்த முதல் கேள்வி மெய்கண்டாரையும் விடுவதில்லை. பொருள்கள் ஒவ்வொன்றாக அழிவதைப் பார்க்கிறோம். உலகம் முழுவதும் ஒருசேர ஒடுங்கியதைப் பார்த்தவர் யார்? உலகம் அப்படியே நிலையாக இருக்கிறது என்ற உலகாயதருக்கு மெய்கண்டார் பதில் வைத்திருக்கிறார். எதிராளியைப் பேதை என்றே விளித்து, பூதங்களிலும் தோற்றமும் ஈறும் தெரிகிறதே என்கிறார். பகுதிக்கு உள்ளது தொகுதிக்கும் உண்டு என்பது இதில் தொக்கி நிற்கிறது. அந்த இடம் எனக்கு இன்னும் பலவீனமாகவே படுகிறது. தர்க்கத்தில் வெற்றி ராமாநுஜருக்குத்தான்.

அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. வேதத்தை ஒப்புக்கொள்ளாதவரின் கேள்வியில் உள்ள பிழையை அவரால் காட்ட முடியும். அந்த ஒருவருக்குக் கடவுள் உண்டு என்று நிறுவிக்காட்ட ராமாநுஜரிடம் சாஸ்திரம் தவிர வேறில்லை. சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பரபக்கமோ உலகாயதரை முதலில் அழைத்து உட்காரவைத்து, பிறகு பௌத்தர், சமணர் என்று ஒவ்வொருவராகக் கணக்குத் தீர்க்கிறது. பகுத்தறிவு மேடையிலிருந்து நேராக இறங்கி வந்த ஒருவர் கடவுளைக் காட்டு என்று கேட்டால், திருவிடந்தையைவிடத் திருக்கழுக்குன்றத்தில்தான் அவருக்கு அதிக நேரம் பேச ஆள் கிடைக்கும்.